சர். பொன்னம்பலம் இராமநாதனாரும் பிறர் சமயவுரிமையும்

தம் சமயத்தாருக்கு நேர்ந்த இடுக்கணை நினைந்து வருந்துதல் யாவர்க்கும் இயல்பு. திருநாவுக்கரசு சுவாமிகளைப் பல்லவ வேந்தன் நீற்றறையில் அடைப்பித்த வரலாற்றைப் பெரியபுராணத்தில் ஓதுந்தோறும் நம் உள்ளம் உருகுகின்றது. வேலூர்க் கோட்டையுள் சலகண்டேசுவரர் திருக்கோயிலை வலம்வரும் சைவர்க்குப் பிற்காலத்து நிகழ்ச்சி ஒன்றும் நினைவிற்கு வருதல் கூடும். 1805 நவம்பரில் கும்பினிப் படைத்தலைவர், சிப்பாய்கள் நெற்றியிற் சமயக்குறி தரித்தலாகாது என்றும், தாடி மழித்தல் வேண்டும் என்றும், தோற்குஞ்சம் பொருந்திய புதுத் தலைப்பாகை அணிதல் வேண்டும் என்றும் கட்டளை பிறப்பித்தனர். மறுத்தோர் கசையடிக்கு ஆளாயினர். 1806 சூலை 10-ஆம் நாள் அக்கோட்டையில் எழுந்த கிளர்ச்சிக்கு அக்கட்டளை முதன்மையான காரணங்களுள் ஒன்றாயிற்று. திருநீற்றை விடேம் என்ற இந்துவும், தாடியை விடேம் என்ற முகமதியரும் அன்று ஒருங்கே துன்புற்றனர்.

தமக்கு நேர்ந்தவிடத்து உருகும் உள்ளம், பிறர் சமயத்தார்க்கு நேர்ந்தவிடத்தும் அங்ஙனமே உருகி, அவர்பொருட்டு உழைத்தலோ அரிதினும் அரிது. கடல் கடந்த ஈழநாட்டில் அவ்வரிய செயலைச் செய்துகாட்டிய சைவப் பெரியார் சர். பொன்னம்பலம் இராமநாதனார் ஆவர். அவர்தம் வாழ்க்கையை இந்நோக்கம் ஒன்றுபற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

பிறப்பும் பயிற்சியும்

இராமநாதனார் 1851 ஏப்பிரல் 16-ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார், அந்நகரிலே பொன்னம்பலவாணேசுவரம் என்னும் சிவாலயத்தை எடுப்பித்த அடியவர். பின்னாளில் அதனைக் கருங்கற் கோயிலாகப் புதுக்கியவர் இராமநாதனாரே. இளவல் சர். பொன்னம்பலம் அருணாசலனார். தாய்மாமனார் சர். முத்துக்குமாரசுவாமி. இராமநாதனார் கொழும்பிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்று நியாயதுரந்தரர் ஆயினர்.

1879-ல் மாமனார் மறைந்தமையால், இலங்கைச் சட்ட நிரூபண சபையில் அவர் வகித்த தமிழர் பிரதிநிதி இடம் வெற்றிடமாயிற்று. அதற்கு இராமநாதனாரே தக்கார் என்று தெளிந்து, மக்களைக் கூட்டி முயன்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர் பெருமான். நாவலர் சிவபதம் எய்திய அவ்வாண்டிலேயே இராமநாதனார் அவ்விடத்தை அடைந்தனர். பின்னர் 1892 முதல் 1906 வரை சாலிசிடர் ஜெனரலாகப் பணிபுரிந்தனர். அரசியற் பணிகளுக்கிடையே தஞ்சை அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டு ஞான சாத்திரங்களைப் பயின்றனர். அப்பயிற்சியின் பயனாக, மத்தேயு சுவிசேடத்திற்கு 1898-லும் யோவான் சுவிசேடத்திற்கு 1902-லும் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதி வெளியிட்டனர். பிறர் மறையையும் மதித்து ஓதி உட்பொருள் தேடியவர் அவர் என்பது இதனாற் பெறப்படும்.

பௌத்தர் பெருவிழாவான விசாகத்திற்கு ஆங்கிலராட்சியில் விடுமுறை இல்லாதிருந்தது. 1885-ல் அந்நாள் பொது விடுமுறையாதற்குச் சபையில் முயன்றவருள் இச்சைவர் முன்னின்றார்.

1815-ஆம் ஆண்டு வாக்குறுதி

இனி யாம் உரைக்கப்புகும் நிகழ்ச்சியின் வேர் வேலூர் வரை வந்து படர்ந்தது. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்க மரபினன். 1815 மார்ச்சு 2-ஆம் நாள் எழுதப்பெற்ற கண்டி உடன்படிக்கையால் அவன் அரசிழந்தான். மறுவருடம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பெற்று, 1832-ல் இறக்கும்வரை அங்கே சிறையிருந்தான். பாலாற்றங்கரையிலுள்ள அவன் சமாதியில் 1990-ல் முத்துமண்டபம் எழுந்தது. அவ்வுடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவோ, பௌத்த சமயமும் அதன் சடங்குகளும் வழிபாட்டிடங்களும் ஊறின்றிக் காக்கப்படும் என்று உறுதி கூறிற்று. அரசனைச் சிறைக்கு அனுப்பிய ஏடே, குடிகளின் சமயத்திற்குக் காப்பும் எழுதிற்று என்க.

நூறாண்டு கழியும் தறுவாயில் அவ்வுறுதி நீதிமன்றம் ஏறியது. கம்பளை நகரில் வல்லகாகொட தேவாலயத்துப் பெரகரா ஊர்வலம், புதிய பள்ளிவாசல் ஒன்றின்முன் மேளம் முழக்கிச் செல்லலாகாதென அரசினர் தடுத்தனர். தேவாலயத்தார் உடன்படிக்கையைக் காட்டி வழக்கிட்டனர். 1914-ல் கண்டி மாவட்ட நீதிமன்றம் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1915 பெப்ருவரியில் உயர்நீதிமன்றம் அதனை மாற்றிற்று. பௌத்தர் நெஞ்சு புண்பட்டிருந்த அந்நிலையில், மே மாதம் 28-ஆம் நாள், விசாகத்தன்று இரவு, கண்டியில் ஒரு பள்ளிவாசலின் எதிரே பூசல் மூண்டு நாட்டின் பல பகுதிகளிலும் பரவியது. சோனகர் கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் எரிந்தன, உயிர்களும் அழிந்தன.

சிறையும் மரணமும்

சூன் 2-ஆம் நாள் படைச்சட்டம் பிறந்தது. கலகம் சில நாட்களில் அடங்கிய பின்னும், ஆகஸ்டு இறுதிவரை அச்சட்டம் நீங்கவில்லை. இக்கலகம் அரசின்மேல் எழுந்த சதி என்று ஐயுற்ற ஆட்சியாளர், பௌத்த மறுமலர்ச்சியிலும் மதுவிலக்கு இயக்கத்திலும் முன்னின்றோரைத் தேடிப் பிடித்தனர். டி. எஸ். சேனநாயக்கா, எப். ஆர். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலகர், டபிள்யு. ஏ. டி சில்வா முதலானோர் சிறைப்பட்டனர். இளைஞராகிய எட்வர்ட் ஹென்றி பெதிரிஸ் படைமன்றத் தீர்ப்பால் சூலை 7-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அநகாரிக தர்மபாலரின் உடன்பிறந்தார் எட்மண்ட் ஹேவாவிதாரண ஆயுள்தண்டனை பெற்று, நவம்பரில் யாழ்ப்பாணச் சிறையிலே நோயுற்று இறந்தார். நாவலர் பிறந்த மண்ணில் ஒரு பௌத்தர் இங்ஙனம் உயிர்நீத்தது நம் உள்ளத்தை வருத்துகின்றது.

இராமநாதனார் செய்தது

1911-ல் கற்ற இலங்கையர் தொகுதியின் முதற் பிரதிநிதியாகத் தெரிந்தெடுக்கப்பட்டிருந்த இராமநாதனார், அச்சமே ஆட்சி செலுத்திய அக்காலத்தில் சட்ட நிரூபண சபையில் எழுந்து பேசினர். அவர் எடுத்த நியாயம் எளியது. நாட்டின் நீதிமன்றங்கள் திறந்திருக்கையில், குடிகளைப் படைமன்றத்தில் நிறுத்தித் தண்டித்தல் சட்டத்திற்கு மாறு. சிலர் செய்த குற்றத்திற்கு ஓரினம் முழுதும் இழப்பீடு செலுத்துமாறு நெருக்குதல் நீதிக்கு மாறு. சமயத் தொண்டு அரசதுரோகம் ஆகாது. அவ்வளவில் அமையாது, உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களை அழித்துவந்த காலத்தில், அறுபதைக் கடந்த அம்முதியவர் இங்கிலாந்து சென்று குடியேற்ற நாட்டு அமைச்சினரிடம் முறையிட்டனர். தம் பேச்சுக்களையும் சான்றுகளையும் தொகுத்து 1916-ல் இலண்டனில் நூலாக வெளியிட்டனர். ஈ. டபிள்யு. பெரேராவும் அங்கே அவ்வாறு உழைத்தனர். தேசாதிபதி சாமர்ஸ் பதவி நீங்க, ஆண்டர்சன் வந்தனர். சிறைப்பட்டோர் பலர் விடுதலை பெற்றனர். இராமநாதனார் கொழும்பிற்கு மீண்டபோது, சிங்களத் தலைவர்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றனர்.

சில ஐயங்கள்

கலகத்தில் இழப்புற்றோர் சோனகர் அல்லரோ, அவர்க்கு இவர் என் செய்தார் என்று வினவுவார் உளர். ஆம்பூர், வாணியம்பாடி முதலிய பாலாற்றங்கரை ஊர்களில், தோல் பதனிடும் தொழில் நடத்தும் முகமதியரோடு அண்டை வாழும் சைவர் இவ்வினாவைத் தள்ளிவிடல் இயலாது. 1888-ல் இராமநாதனார் சோனகர் மரபுபற்றி எழுதிய கட்டுரையால் அவர்க்குள் முன்னரே மனத்தாங்கல் இருந்தது. 1915-ல் அது மிகுந்தது. குற்றமற்ற பௌத்தர்க்காகப் பேசிய அந்நாவு, கடையும் பள்ளியும் இழந்த சோனகர்க்காகவும் அதே வன்மையுடன் பேசியிருப்பின் அவர் புகழ் நிறைவுற்றிருக்கும் என்பதே நம் கருத்து. எனினும், கொள்ளையடித்தோரைத் தண்டித்தல் வேறு, கொள்ளையிற் கலவாதாரை அவர் சமயம்பற்றி ஐயுற்றுச் சிறையிடுதல் வேறு. பின்னதைத் தடுத்தது முன்னதை ஆதரித்ததாகாது.

மற்றொன்று. மீட்கப்பெற்றோருள் ஒருவராகிய டி. எஸ். சேனநாயக்கா 1947-ல் இலங்கையின் முதற் பிரதமராயினர். அடுத்த ஆண்டு அவராட்சியில் இயற்றிய சட்டத்தால் மலையகத் தமிழர் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். ஆகலின் இராமநாதனார் உழைப்பு விழலுக்கு இறைத்த நீர் என்பர். கைம்மாறு கருதிச் செய்வது வாணிகம், அறம் அன்று. நன்றி மறந்தது பெற்றவர் குறையேயன்றி, உதவினார் குறையாகாது.

அவர் குறையென்று யாம் கருதுவது பிறிதொன்று. வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்பதை இறுதிவரை அவர் எதிர்த்தனர். திருக்கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் அளித்த திருநாளைப்போவார் நாயனாரையே வெளியில் நிறுத்திய நாடு நம் நாடு. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் முற்ற நிறைவேறியது 1947-ல் தான். அயல்நாட்டில் உரிமை காப்போர் தம் வீட்டு வாயிலையும் நோக்குதல் வேண்டும்.

சித்தாந்தம் காட்டும் வழி

சிவஞான சித்தியார் பரபக்கம் பௌத்தரை மறுக்கின்றது. அந்நூலின் சுபக்கமோ, எத்தெய்வத்தை வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்றருள்பவன் சிவபெருமானே என்று தெளிவிக்கின்றது. இரண்டும் ஒருநூற் கருத்தே. கொள்கையை நியாயத்தால் மறுக்கலாம். கொண்டவனைச் சிறையால் மறுத்தல் ஆகாது. சமயங்கள் உயிர்களின் பக்குவத்திற்கேற்ப அமைந்த படிகள் ஆகலின், ஒருவனை அவன் நிற்கும் படியினின்று வன்மையால் தள்ளுதல் திருவருட் செயலில் குறுக்கிடுதலாம். இராமநாதனார் இதனை நன்கறிந்தவர், அறிந்தவாறே நடந்தவர்.

1913-ல் மருதனார்மடத்தில் பெண்கட்கும், 1921-ல் திருநெல்வேலியில் ஆண்கட்கும் கல்லூரிகள் நிறுவி, 1930 நவம்பரில் அவர் இறைவன் திருவடி அடைந்தனர். திருநெல்வேலியிற் கண்ட பரமேசுவரக் கல்லூரி இருந்த இடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் திகழ்கின்றது.

எந்நாட்டில் எச்சமயத்தார் தம் வழிபாடு காரணமாகச் சிறையிருப்பினும், அவர்பொருட்டு ஒரு சொல் சொல்லுதல் சைவர் கடமை என்பதே இவ்வாழ்க்கை நமக்கு உணர்த்துவது. நம் திருமடங்களும் கழகங்களும் இக்கடமையை மேற்கொள்ளத் திருவருள் முன்னிற்பதாக.