தாய்மொழியை முன்னே வைத்த லா சால்

ஈப்போவில் லா சால் என்றால் பலருக்கும் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயருக்குரிய ஜான் பாப்டிஸ்ட் டி லா சால், 1651-இல் பிரான்சின் ரீம்ஸ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 15 வயதிலேயே பேராலயத்தில் வருமானமுள்ள பதவி கிடைத்தது. 1678-இல் குருவானார்.

கல்விப் பணியை அவர் தேடிப் போகவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்க 1679-இல் ரீம்ஸுக்கு வந்த ஒருவருக்கு உதவப் போனவர், அதிலேயே நின்றுவிட்டார். தொடக்கத்தில் அந்த ஆசிரியர்களைத் தம் வேலைக்காரனுக்கும் கீழாக மதித்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1681-இல் அவர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார், உறவினர் கொதித்தார்கள். பிறகு பதவியை விட்டார். பஞ்ச காலத்தில் சொத்தையும் ஏழைகளுக்கு ரொட்டியாகக் கொடுத்துத் தீர்த்தார். அந்த ஆசிரியர்களே லா சால் சகோதரர்கள் சபையானார்கள்.

அன்று பிள்ளைகள் லத்தீனில்தான் வாசிக்கத் தொடங்குவார்கள், பிரெஞ்சு பிறகு. ஏழைப் பிள்ளையோ சீக்கிரமே வேலைக்குப் போய்விடும். புரியாத மொழியும் பாதி, பேசும் மொழியும் வாசிக்கத் தெரியாது. லா சால் இதைத் தலைகீழாக மாற்றி, பிரெஞ்சை முதலில் வைத்தார். தனித்தனியாகப் பாடம் கேட்ட பிள்ளைகளை ஒரே வகுப்பாக உட்கார வைத்தார். பாரிஸில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு ஞாயிறுதோறும் கணக்கும் வரைபடமும் சொல்லித்தர ஏற்பாடு செய்தார்.

இலவசப் படிப்பு சிலரின் வயிற்றில் அடித்தது. கட்டணம் வாங்கி எழுதக் கற்றுத்தந்த ஆசான்கள் வழக்குப் போட்டனர். 1704-இல் பாரிஸ் பள்ளியின் தளவாடங்கள் பறிமுதலாயின. 1719-இல் ரூவான் நகரில் காலமானார். 1900-இல் புனிதரானார்.

அவருடைய சகோதரர்கள் 1852-இல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தனர். 1912-இல் ஈப்போவில் தொடங்கிய செயின்ட் மைக்கல் பள்ளியும் பின்னர் அவர்கள் கைக்கு வந்தது. ஆனால், இங்கே அவர்கள் நடத்தியவை ஆங்கிலப் பள்ளிகள். அரசாங்க வேலைக்கும் ஆபீஸ் வேலைக்கும் அந்தப் படிப்புதான் வழி. பட்டணத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் அதில் ஏறிப் போனார்கள்.

பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்களுக்குச் சொன்னது. அங்கே தாய்மொழி கிடைத்தது. ஆனால், ஆரம்பப் பள்ளியோடு பாதை நின்றது. மேலே படிக்க டவுனுக்குப் போக வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். பால்மரம் வெட்டப் போகும் வயதுக்குள் அந்தத் தூரத்தைக் கடந்த தோட்டத்துப் பிள்ளைகள் சிலரே.