மலையேறிய பாப்பரசர்



ஆண்டுதோறும் கிறிஸ்து அரசர் திருநாளை நமது ஆலயங்களிற் சிறப்பாகக் கொண்டாடுகிறோம். அத்திருநாளை 1925ம் ஆண்டில் திருச்சபைக்குத் தந்தவர் பாப்பரசர் 11ம் பத்திநாதர் என்பது உங்களிற் பலருக்குத் தெரிந்திருக்கும். அவர் ஒரு காலத்தில் இடுப்பிற் கயிறு கட்டி, கையிற் பனிக்கோடரி ஏந்தி, ஐரோப்பாவின் பயங்கரமான பனிச்சுவர் ஒன்றில் ஏறியவர் என்பதை அறிவீர்களா?

அவருடைய இயற்பெயர் அக்கில்லே றாத்தி. வட இத்தாலியில் மிலான் நகருக்கு அண்மையிலுள்ள தேசியோ என்னும் ஊரில் 1857ம் ஆண்டு மே 31ம் திகதி பிறந்தார். தந்தையார் பட்டு ஆலையொன்றின் முகாமையாளர். 1879ல் குருப்பட்டம் பெற்ற றாத்தி அடிகளார், மிலான் குருமடத்திற் சில ஆண்டுகள் போதித்தபின், 1888ல் அம்புறோசியன் நூலகத்திற் பணியேற்றார். பழைய ஏடுகளுக்கும் சுவடிகளுக்கும் நடுவே நாட்களைக் கழித்த அந்த அமைதியான மனிதர், விடுமுறை கிடைத்ததும் அல்ப்ஸ் மலைகளை நாடிச் சென்றுவிடுவார்.

இத்தாலிக்கும் சுவிற்சர்லாந்துக்கும் எல்லையாக நிற்பது மொந்தே ரோசா மலை. அதன் உச்சியான டுபூர் சிகரம் 4634 மீட்டர் உயரமானது. அதன் கிழக்கு முகம் சுமார் 2400 மீட்டர் உயரத்துக்குப் பனியும் பாறையுமாக எழுந்து நிற்கிறது. அம்முகத்தைப் பிளந்துகொண்டு செங்குத்தாக இறங்குகிறது ஓர் இடுக்கு. இருமருங்கும் பாறை, நடுவே ஒடுங்கிய பனித்தடம். காலை வெயில் நேரே இம்முகத்தில் விழுவதால், பனி இளகியதும் மழைக்காலத்திற் கூரைப் பீலியால் நீர் பாய்வதுபோல, கல்லும் பனியும் அவ்விடுக்கு வழியே பாய்ந்து வரும். 1881ம் ஆண்டில் தமியானோ மரினெல்லி என்ற இத்தாலியரும் அவருடைய வழிகாட்டிகள் இருவரும் அங்கே பனிச்சரிவில் அகப்பட்டு மாண்டனர். இடுக்குக்கு மரினெல்லியின் பெயரே நிலைத்துவிட்டது.

1889ம் ஆண்டு யூலை 29ம் திகதி, 32 வயதான றாத்தி அடிகளார் தம் நண்பரான கிறாசெல்லி அடிகளாருடன் மக்குஞாகா என்ற மலைக்கிராமத்திலிருந்து புறப்பட்டார். கடீன், புறொமென் என்ற வழிகாட்டிகள் இருவரும் கூடச் சென்றனர். சுமார் 3000 மீட்டர் உயரத்தில், மரினெல்லியின் பெயரைத் தாங்கிய குடிலிற் சிறிது இளைப்பாறினார்கள். நள்ளிரவு கடந்ததும் எழுந்து நடந்தார்கள். ஏன் இந்த அவசரம்? வெயில் ஏறுமுன், பனி இறுகியிருக்கும்போதே அந்த இடுக்கைக் கடந்துவிட வேண்டும். அவர்கள் எண்ணியபடியே கடந்தார்கள்.

ஆனாலும் மேலே ஏறும் வேலை பகல் முழுவதையும் விழுங்கிவிட்டது. உச்சியை அணுகியபோது இருள் சூழ்ந்தது, குளிர்காற்று வீசியது. இருளில் இறங்க முயன்றால் நால்வருக்கும் ஆபத்து. எனவே உச்சிக்குச் சற்றுக் கீழே ஒடுங்கிய பாறையொன்றில் ஒதுங்கி, கொட்டும் குளிரில் விடியும்வரை விழித்திருந்தார்கள். கண்ணயர்வதே அங்கு ஆபத்து. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் டுபூர் சிகரத்தைத் தாண்டி, சும்ஸ்ரைன் கணவாய் வழியாகச் செர்மாற் பக்கம் இறங்கினார்கள். அக்கணவாயை முதன்முதல் கடந்தவர்கள் இவர்களே.

பின்னர் இதுபற்றி இத்தாலிய மலையேறுவோர் கழகத்தின் வெளியீட்டில் எழுதிய அடிகளார், மலையேற்றம் உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டல்ல, விவேகமும் சிறிது துணிவும் இயற்கைமீது அன்பும் சேர்ந்ததே அது என்று விளக்கினார். 1969ல் சில்வேன் சோடான் என்ற சுவிற்சர்லாந்து வீரர் அதே இடுக்கிற் பனிச்சறுக்குப் பலகைகளில் இறங்கினார். ஏறுகிறவருக்கும் சறுக்கி இறங்குகிறவருக்கும் அங்கே சட்டம் ஒன்றுதான்: பனியின் நேரத்தை அறிந்து நட.

அந்தப் பாடம் நூலகரின் பிற்கால வாழ்விலும் தெரிகிறது. பாப்பரசரின் தூதுவராகப் போலந்திற் பணியாற்றிய வேளை, 1920ல் செஞ்சேனை வார்சோ நகரை நெருங்கியது. தூதுவர்கள் பெரும்பாலோர் வெளியேறினர். அவரோ மக்களோடு தங்கினார். 1921ல் மிலான் பேராயரானார். 1922 பெப்ரவரி 6ம் திகதி பாப்பரசராகத் தெரிவுசெய்யப்பட்டார். மலைகளை அவர் மறக்கவில்லை. 1923ல் மெந்தோன் நகர்ப் புனித பெர்நாதுவை மலைவாழ் மக்களுக்கும் மலையேறுவோருக்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

1937ல் நாசி ஆட்சியைக் கண்டித்து ஜேர்மன் மொழியில் ஒரு திருமடல் எழுதினார். அது இரகசியமாகக் கொண்டுசெல்லப்பட்டு, குருத்து ஞாயிறன்று அந்நாட்டின் கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. இரவில் இடுக்கைக் கடந்தவரின் நிதானமும் துணிவும் அங்கேயும் தெரிந்தன. 1939 பெப்ரவரி 10ம் திகதி, 81ம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

வாசகர்களே, துணிவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாய்வது என்று உங்கள் பிள்ளைகள் எண்ணக்கூடும். அடுத்த கிறிஸ்து அரசர் திருநாளன்று, அத்திருநாளை நமக்குத் தந்தவர் பாறையில் விழித்திருந்த அந்த இரவைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். நேரமறிந்து புறப்படுவதும், இருட்டியபின் நின்றுவிடுவதும், கயிற்றின் மறுமுனையில் இருப்பவனை மறவாதிருப்பதும் துணிவுதான்.