கழுத்தில் 'முடிச்சு': கென்னடியின் டாக்டர் விரலால் கண்டதை அல்ட்ராசவுண்ட் காட்டியதா?

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் தசையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பட்டாணி மாதிரி ஏதாவது தட்டுப்படுகிறதா? அழுத்தும்போது வலி கழுத்து வழியாக நெற்றிப்பொட்டு வரை ஏறுகிறதா? பிசியோதெரபிஸ்ட்கள் இதை 'ட்ரிகர் பாயின்ட்' என்பார்கள். நம் பேச்சில் சொன்னால், தசை முடிச்சு.

இந்தச் சொல்லை மருத்துவ உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஒரு பெண் மருத்துவர். அமெரிக்க அதிபர் ஜான் எஃப் கென்னடியின் டாக்டர். பெயர் ஜேனட் டிராவல்.

யார் இந்த ஜேனட் டிராவல்?

1901 டிசம்பர் 17-ல் நியூயார்க்கில் பிறந்தார். அப்பாவும் மருத்துவர்தான். கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1926-ல் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார். ஆரம்பத்தில் அவர் ஆராய்ந்தது இதயத்துக்கான மருந்துகளை. தசை வலிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

அவரைத் திருப்பியது நோயாளிகள்தான். உயிருக்கே ஆபத்தான நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்கள்கூட, தோள்பட்டை வலியைத்தான் தாங்க முடியவில்லை என்றார்கள். எக்ஸ்ரேயில் அதற்கான காரணம் எதுவும் தெரியாது. படத்தில் ஒன்றும் இல்லையென்றால் 'எல்லாம் மனசுதான்' என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபம், இல்லையா? டிராவல் அப்படிச் செய்யவில்லை. விரலால் தேடினார். தசையில் ஓரிடத்தை அழுத்தினால் வேறோர் இடத்தில் வலித்தது. தசை முடிச்சுகள் பற்றி ஐரோப்பிய மருத்துவர்கள் முன்பே எழுதியிருந்தார்கள். ஆனால் எந்தத் தசை எங்கே வலியை அனுப்புகிறது என்று வரைபடமாகவே தொகுத்தது டிராவலும் அவருடைய சகாக்களும்தான்.

வெள்ளை மாளிகையில் சிக்கல்

1954-ல் கென்னடிக்கு நடந்த முதுகெலும்பு அறுவை சிகிச்சை அவரைச் சாவின் விளிம்புக்கே கொண்டுபோனது. அடுத்த ஆண்டு டிராவலிடம் வந்தார். தசையை மரத்துப்போகச் செய்யும் புரோகெய்ன் ஊசி, குட்டையான இடது காலுக்கு ஏற்ப உயர்த்திய செருப்பு, ஒரு ஆடும் நாற்காலி. இவ்வளவுதான் வைத்தியம். கென்னடி தேறினார். 1961-ல் டிராவல் அதிபரின் தனி மருத்துவர் ஆனார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

கதை இத்தோடு சுபமாக முடியவில்லை. ஊசிகள் அளவுக்கு மீறிப் போகின்றன, அதிபருக்குத் தேவை உடற்பயிற்சி என்று மற்ற டாக்டர்கள் எதிர்த்தார்கள். 1961 கடைசியில் உடற்பயிற்சிக்கென வேறொரு நிபுணர் வந்தார். டிராவலின் பதவி இருந்தது, செல்வாக்கு குறைந்தது. இன்று கழுத்து, முதுகு வலிக்கு உடற்பயிற்சிதான் முதல் ஆலோசனைகளில் ஒன்று. அந்த வகையில் எதிர்த்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

1983-ல், டேவிட் சைமன்ஸ் என்ற மருத்துவருடன் சேர்ந்து ட்ரிகர் பாயின்ட் பற்றிய பெரிய கையேட்டின் முதல் பாகத்தை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 81. சைமன்ஸும் லேசான ஆள் இல்லை, 1957-ல் பலூனில் 30 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்வந்த விமானப்படை மருத்துவர். இரண்டாம் பாகம் 1992-ல் வந்தது. 1997 ஆகஸ்ட் 1-ல், 95 வயதில் டிராவல் காலமானார்.

அல்ட்ராசவுண்ட் என்ன சொன்னது?

ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. முடிச்சு நிஜமாகவே இருக்கிறதா? ஒரே நோயாளியை இரண்டு டாக்டர்கள் தொட்டுப் பார்த்தால், முடிச்சு எங்கே என்பதில் பல நேரம் ஒத்துப்போவதில்லை. அதனால் சந்தேகம் வந்தது நியாயம்தான்.

2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், கழுத்து வலி உள்ள சிலரின் ட்ரபீசியஸ் தசையை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். நீங்கள் அழுத்திப் பார்த்தீர்களே, அதே தசை. மசாஜ் கருவி ஒன்றால் தசைக்கு அதிர்வும் கொடுத்தார்கள். விரல் 'இங்கே' என்று சொன்ன இடத்தில், நீள்வட்டமாக ஒரு கருமையான பகுதி தெரிந்தது. சுற்றியுள்ள தசை அதிர்ந்த அளவுக்கு அது அதிரவில்லை. அதாவது, அந்த இடம் இறுகியிருந்தது.

அப்போ டிராவல் சொன்னது முழுக்க நிரூபணம் ஆகிவிட்டதா? இல்லை. அது சிறிய ஆய்வு. சும்மா இருக்கும்போதே வலிக்கும் முடிச்சும், அழுத்தினால் மட்டும் வலிக்கும் முடிச்சும் படத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரிகின்றன. வலிக்குக் காரணம் முடிச்சுதானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

எனவே கழுத்து பிடிச்சுக்கிச்சு என்றால் உடனே ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். கை மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். ஆனால் ரிப்போர்ட் நார்மல் என்பதற்காக உங்கள் வலி பொய் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அன்று எக்ஸ்ரே காட்டாததில் கொஞ்சத்தை வேறொரு கருவி காட்ட, டிராவல் இறந்து 12 வருடம் ஆனது.