எலும்பை வளர வைத்த டாக்டர்

கை முறிந்தால் கட்டுப் போடுகிறோம். சில வாரம் அசையாமல் வைத்திருக்கிறோம். எலும்பு தானாகவே ஒட்டிக்கொள்கிறது.

எல்லோருக்கும் இப்படி ஒட்டிவிடுமா?

ஒட்டாது. சிலருக்கு மாதங்கள் போகும். வருஷமும் போகும். எலும்பின் இரண்டு முனைகளும் சேராமலே நிற்கும். முறிந்த இடம் முழங்கையைப் போல மடங்கி ஆடும். இதற்குப் பொய் மூட்டு என்று டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த இடத்தில் கிருமி புகுந்து சீழ் வைத்துவிட்டால் இன்னும் ஆபத்து. உயிரைக் காப்பாற்றக் காலையே எடுத்துவிட வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது.

அப்படிப்பட்ட கால்களைக் காப்பாற்ற ஒருவர் வழி கண்டுபிடித்தார். அவர் மாஸ்கோ நகரத்துப் பெரிய டாக்டர் அல்ல. சைபீரியாவில், ஒரு கிராம ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்.

அவர் பெயர் கவ்ரீல் இலிசரோவ்.

ஏழைப் பிள்ளை

இலிசரோவ் 1921-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி போலந்து நாட்டில் பிறந்தார். யூதக் குடும்பம். அவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அஜர்பைஜான் நாட்டில் உள்ள குசார் என்ற மலை ஊருக்குக் குடியேறியது. அது தகப்பனாரின் சொந்த சீமை.

வீட்டில் 6 குழந்தைகள். இவர்தான் மூத்தவர். வறுமை காரணமாக, பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் அவரால் போக முடியவில்லை. பிறகு போனார். விட்டதை எல்லாம் வேகமாகப் பிடித்தார்.

சிறு வயதில் ஒருநாள், மருந்து தெளித்த பேரிக்காய்களைக் கழுவாமல் தின்றுவிட்டார் என்றும், உயிருக்கு ஆபத்தான நிலையில் அந்த ஊர் வைத்தியர் அவரைப் பிழைக்க வைத்தார் என்றும் சொல்வார்கள். தானும் ஒரு டாக்டராக வேண்டும் என்று அன்றே அவர் நினைத்தாராம்.

கிரீமியாவில் உள்ள மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே 1941-ல் ஹிட்லரின் படை ரஷியாவுக்குள் புகுந்தது. கல்லூரி கஜகஸ்தானுக்கு மாற்றப்பட்டது. 1944-ல் படிப்பை முடித்தார்.

வேலை எங்கே கிடைத்தது தெரியுமா? சைபீரியாவின் மேற்கு ஓரத்தில், குர்கன் வட்டாரத்தில் உள்ள தோல்கோவ்கா என்ற கிராமத்தில்.

கிராம டாக்டர்

சுற்று வட்டாரத்துக்கு அவர் ஒருவர்தான் டாக்டர். பிரசவமா? அவர்தான் பார்க்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சலா? அதற்கும் அவர்தான்.

யுத்தம் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பிய நேரம் அது. குண்டு பாய்ந்து எலும்பு நொறுங்கியவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இலிசரோவ் எலும்பு சிகிச்சையில் விசேஷப் படிப்புப் படித்தவர் அல்ல. ஆனால் அவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

அந்தக் காலத்தில் மாவுக்கட்டுதான் முக்கிய வைத்தியம். இடுப்பு முதல் பாதம் வரை கட்டிவிடுவார்கள். மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும். எலும்பு ஒட்டுவதற்குள் முழங்கால் மடங்காமல் போய்விடும். தசை வற்றிவிடும்.

இலிசரோவ் யோசித்தார். மாவுக்கட்டு தோலுக்கு மேலே இருக்கிறது. உள்ளே இருக்கும் எலும்பு லேசாக ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. எலும்பையே நேராகப் பிடித்து நிறுத்தினால் என்ன?

குதிரை வண்டியில் போகும்போது, குதிரையின் கழுத்தைச் சுற்றியிருந்த வளைவையும் அதோடு கட்டிய கழிகளையும் பார்த்து இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. நியூட்டனுக்கு ஓர் ஆப்பிள் பழம் என்றால், இவருக்கு ஒரு குதிரை! முதலில் ஒடிந்த துடைப்பக் கட்டையில் தன் கருவியை மாட்டிச் சோதித்தார் என்றும் சொல்வார்கள்.

கருவி இதுதான்.

காலைச் சுற்றி இரும்பு வளையங்கள். முறிவுக்கு மேலே சில, கீழே சில. ஒவ்வொரு வளையத்திலும் சைக்கிள் சக்கரத்துக் கம்பி போன்ற மெல்லிய கம்பிகள். அவை எலும்பைக் குறுக்காகத் துளைத்து மறுபக்கம் வரும். அவற்றை விறைப்பாக இழுத்து வளையத்தில் முடுக்குவார்கள். மேல் வளையத்தையும் கீழ் வளையத்தையும் நீண்ட திருகு கம்பிகள் இணைக்கும். நட்டைத் திருகினால் எலும்பின் இரு முனைகளும் நெருங்கி, இறுகச் சேரும்.

பார்க்கப் பயங்கரமாகத்தான் இருக்கும். வலியும் உண்டு. கம்பி நுழையும் இடத்தைத் தினமும் சுத்தம் செய்யாவிட்டால் சீழ் பிடிக்கும். ஆனாலும் நோயாளி படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. காலில் வளையத்தோடு எழுந்து நடக்கலாம். நடக்க நடக்க எலும்பு பலப்படும்.

1950-ல் இலிசரோவ் குர்கன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அவருடைய கருவிக்கு 1954-ல் அரசாங்கத்தின் சான்றிதழ் கிடைத்தது.

தலைகீழாகத் திருகிய நட்டு

இலிசரோவுக்குப் பெரும் புகழ் தந்த கண்டுபிடிப்பு அடுத்து வந்தது. அது ஒரு தவறினால் வந்தது என்கிறார்கள்.

ஒரு நோயாளி, நட்டுகளை நெருக்குவதற்குப் பதிலாக எதிர்ப்பக்கம் திருகிவிட்டாராம். எலும்பின் முனைகள் மெல்ல மெல்ல விலகின. படம் எடுத்துப் பார்த்தபோது இலிசரோவ் ஆச்சரியம் அடைந்தார். விலகிய இடம் காலியாக இல்லை. அங்கே புது எலும்பு முளைத்திருந்தது!

பிறகு நாய்களை வைத்து வருஷக்கணக்கில் சோதனை செய்தார். கடைசியில் ஒரு கணக்குக் கிடைத்தது. எலும்பைப் பக்குவமாக வெட்டி, சில நாள் சும்மா விடவேண்டும். பிறகு ஒரு நாளைக்கு 1 மில்லி மீட்டர் வீதம் விலக்கவேண்டும். அதையும் ஒரேயடியாகச் செய்யாமல், கால் கால் மில்லி மீட்டராக நாலு தடவை.

வேகமாக இழுத்தால் எலும்பு உண்டாகாது. மிகவும் மெதுவாக இழுத்தால் சீக்கிரமே ஒட்டிக்கொண்டுவிடும். 5 சென்டி மீட்டர் நீட்ட 50 நாள் ஆகும். புது எலும்பு கெட்டிப்பட மேலும் பல மாதம் ஆகும்.

குட்டைக் காலை இப்படி நீட்டலாம். எலும்பில் ஒரு துண்டே போய்விட்டாலும் கவலை இல்லை. நல்ல பாகத்தில் வெட்டி, அந்தத் துண்டை மெல்ல நகர்த்திக்கொண்டு வந்து பள்ளத்தை மூடிவிடலாம். பின்னால் விட்டுவந்த இடத்தில் புது எலும்பு முளைக்கும்.

மாஸ்கோ நம்பவில்லை

இவ்வளவு செய்தும் தலைநகரத்து நிபுணர்கள் அவரை மதிக்கவில்லை. எங்கோ மூலையில் இருக்கும் மெக்கானிக் என்று கேலி பேசினார்கள். வருஷங்கள் ஓடின. அதற்குள் எத்தனை பேர் காலை இழந்திருப்பார்களோ! படித்தவர்களின் கர்வத்துக்கு ஏழை நோயாளிகள் கொடுத்த விலை அது.

அந்த நிலையை மாற்றியவர் வலேரி புரூமல்.

உயரத் தாண்டுவதில் உலக வீரர். 1963-ல் 2.28 மீட்டர், ஏறக்குறைய ஏழரை அடி தாண்டி உலக சாதனை செய்தார். 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வாங்கினார். 1965-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் கால் நொறுங்கியது. அப்போது அவருக்கு வயது 23.

எத்தனையோ ஆபரேஷன்கள் நடந்தன. எலும்பு ஒட்டவில்லை. கால் குட்டையாகிவிட்டது. மூன்று வருஷம் கழித்துக் குர்கனுக்கு வந்தார். இலிசரோவ் வளையத்தைப் பூட்டினார். எலும்பு ஒட்டியது. கால் நீண்டது. புரூமல் மறுபடி களத்தில் இறங்கி 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். பழைய சாதனையை அவரால் தொட முடியவில்லை. ஆனால் நாடு முழுவதும் இலிசரோவின் பெயர் பரவிவிட்டது.

அதே 1968-ல் இலிசரோவ் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை கொடுத்தார். அவர் கேட்டது சிறிய பட்டம். பரிசோதித்தவர்கள் அதைவிடப் பெரிய டாக்டர் பட்டத்தையே கொடுத்துவிட்டார்கள். 1971-ல் குர்கனில் அவருக்காகப் பெரிய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது.

இத்தாலியில் கைதட்டல்

ரஷியாவுக்கு வெளியே இன்னும் யாருக்கும் தெரியாது. அங்கே செய்தி கொண்டுபோனவர் இத்தாலிய மலையேறும் வீரர் கார்லோ மௌரி.

அவர் கால் எலும்பு முறிந்து பல வருஷம் சரியாகாமல் இருந்தது. அந்தக் காலோடு நாணல் படகில் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் குழுவில் போனார். குழுவில் இருந்த ரஷிய டாக்டர் செங்கேவிச் மூலம் இலிசரோவைப் பற்றி அறிந்தார். 1980-ல் குர்கனுக்குப் போனார். நல்ல காலோடு ஊர் திரும்பினார்.

இத்தாலிய டாக்டர்கள் திகைத்தார்கள். 1981-ல் இலிசரோவைத் தங்கள் மகாநாட்டுக்கு அழைத்தார்கள். அவர் படங்களைக் காட்டிப் பேசி முடித்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்போது அவருக்கு 60 வயது. கருவி பிறந்து 30 வருஷம் ஆகியிருந்தது.

இலிசரோவுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. ஜாலவித்தை! நோயாளிக் குழந்தைகள் முன்னால் சீட்டையும் காசையும் மறைத்துக் காட்டி சிரிக்க வைப்பார்.

1992-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி குர்கனிலேயே காலமானார். வயது 71.

அச்சடிக்கும் எலும்பு

ஒட்டாத எலும்புக்கு இன்று இன்னொரு வழியும் வந்திருக்கிறது. எலும்பு போன இடத்தை ஸ்கேன் எடுக்கிறார்கள். அந்தப் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் உருவத்தைக் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். பிறகு டைட்டானியம் என்ற உலோகத்தின் பொடியை லேசர் ஒளியால் உருக்கி, இட்லித் தட்டு அடுக்குவது போல அடுக்கு மேல் அடுக்காக அச்சடிக்கிறார்கள். ஓர் ஆளுக்கு அச்சடித்தது இன்னோர் ஆளுக்குப் பொருந்தாது.

அது கெட்டிக் கட்டி அல்ல. தேன்கூடு போலத் துளைகள் நிறைந்தது. நோயாளியின் இடுப்பு எலும்பிலிருந்து எடுத்த துணுக்குகளை அதற்குள் நிரப்புவதும் உண்டு. அந்தத் துளைகளுக்குள் எலும்பு வளர்ந்து புகுந்து பிடித்துக்கொள்ளவேண்டும். எல்லோருக்கும் பிடிப்பதில்லை. கிருமி இருந்தால் முதலில் அதை ஒழிக்கவேண்டும். செலவும் அதிகம்.

அச்சடித்த கூடு உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். இலிசரோவின் வளையத்தை எலும்பு கெட்டிப்பட்டதும் கழற்றிவிடுவார்கள். இரண்டில் எது யாருக்கு ஏற்றது என்பதை, முறிவையும் நோயாளியையும் பார்த்து டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள். குர்கனில் உள்ள ஆராய்ச்சி நிலையத்துக்கு இப்போது இலிசரோவின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.