வேடந்தாங்கல் பறவைகளும் வெள்ளைக்கார கலெக்டரும்: யார் இந்த லயனல் பிளேஸ்?

மதுராந்தகம் ‘ஏரி காத்த ராமர்’ கதையில் வரும் வெள்ளைக்கார கலெக்டர் ஞாபகம் இருக்கா? அவர்தான் லயனல் பிளேஸ். கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி. 1794-ல் செங்கல்பட்டுப் பகுதிக்கு கலெக்டராக வந்தவர், பழுதான ஏரிகளைச் சீரமைப்பதில் தீவிரம் காட்டினார்.

அப்போது வேடந்தாங்கல் மக்கள் அவரிடம் புகாரோடு போனார்கள்: ஏரிக்கு வரும் பறவைகளை கம்பெனி சிப்பாய்கள் சுடுகிறார்கள். ஊருக்கு அது வயிற்றுப் பிரச்சினை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் வயலுக்கு உரம்!

பிளேஸ் அதைக் காதுகொடுத்துக் கேட்டார். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார். 1798-ல் அவர் பதவியை விட்டுப் போனார். ஊர் காவலை விடவில்லை. தீபாவளிக்குக்கூட அங்கே வெடிச் சத்தம் கிடையாது.

ராம்சர் பட்டியலில் வேடந்தாங்கல் சேர்ந்தது 2022-ல். ஊர்க்காரர்களின் காவல் அதற்குள் 200 ஆண்டுகளைத் தாண்டியிருந்தது.