வானம் ஏன் நீலம்? கேள்வியை விடாமல் பிடித்த திருச்சிக்காரர்: சி.வி.ராமனின் நோபலுக்குப் பின்னால் ஒரு தொலைநோக்கி லென்ஸ்

பிப்ரவரி 28 வந்தாலே பள்ளிக்கூடங்களில் தேசிய அறிவியல் தினம் களைகட்டும். சி.வி.ராமன் படத்துக்கு மாலை, விநாடி வினா, பேச்சுப் போட்டி எல்லாம் நடக்கும். ஆனா அந்த நாளுக்குக் காரணமான கண்டுபிடிப்பில் ஒரு தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

யார் இந்த ராமன்?

திருச்சியில் இருந்து காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம் தீவு. அதே தீவில் இருக்கும் திருவானைக்கோவிலில், தாத்தா வீட்டில் 1888 நவம்பர் 7-ம் தேதி பிறந்தார் ராமன். தாயார் பார்வதி அம்மாள். தாயாரின் அப்பா சமஸ்கிருத அறிஞர். அவர் பேர் என்ன தெரியுமா? சப்தரிஷி சாஸ்திரி. ஆமாம், வடக்கு வானத்தில் தெரியும் அந்த ஏழு நட்சத்திரங்களின் பேர்தான்.

அப்பா சந்திரசேகர அய்யர் திருச்சி எஸ்.பி.ஜி. கல்லூரியில் பணியாற்றியவர். 1892-ல் அவருக்கு விசாகப்பட்டினத்தில் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போனது. ராமன் அங்கே கடற்கரை ஊரில் வளர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். 1907-ல் அரசு நிதித்துறை அதிகாரியாக கொல்கத்தா போய்ச் சேர்ந்தார்.

கைநிறைய சம்பளம். ஆனா மனசு அறிவியலில். பவ் பஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. சாதாரண மக்களும் அறிவியல் சொற்பொழிவு கேட்கணும் என்று மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய இடம் அது. ஆபீஸ் நேரம் போக மீதி நேரமெல்லாம் ராமன் அங்கேதான் ஆய்வு செய்தார். 1917-ல் அரசு வேலையை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார்.

கப்பலில் எழுந்த சந்தேகம்

1921-ல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டுக்குப் போய்விட்டு நர்குண்டா கப்பலில் ஊர் திரும்பினார். வழியில் மத்திய தரைக்கடலின் அடர்ந்த நீலம் அவரை யோசிக்க வைத்தது. வானத்தின் நீலம்தான் கடலில் பிரதிபலிக்கிறது என்பதே அன்றைய விளக்கம். சொன்னவர் சாதாரண ஆள் இல்லை, நோபல் பரிசு பெற்ற ராலே பிரபு.

ராமன் அதை அப்படியே ஏத்துக்கலை. கையில் இருந்த சிறு பட்டகம் வழியாகக் கடலைப் பார்த்தார். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அது தடுத்துவிடும். பிரதிபலிப்புதான் காரணம்னா நீலம் மறையணும். மறையவில்லை. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். கப்பல் பம்பாய்க்கு வந்ததுமே நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதினார். தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சுவதும் கடல் நீலத்துக்கு முக்கியக் காரணம் என்று இன்றைய அறிவியல் சேர்த்துச் சொல்கிறது.

தொலைநோக்கி எங்கே வந்தது?

அடுத்த 7 ஆண்டுகள் இதே தேடல். ஒளி சிதறும்போது அதில் ஒரு மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருமா என்று பார்க்கணும். அது ரொம்ப மங்கலாக இருக்கும் என்பதால் வலுவான வெளிச்சம் வேணும். அதற்கு அவர் எடுத்தது சூரிய ஒளியை. அதைக் குவிக்க வைத்தது ஒரு தொலைநோக்கியின் 18 செ.மீ. விட்டமுள்ள முகப்பு லென்ஸை.

வானத்தைப் பார்க்கச் செய்த லென்ஸ், ஒரு துளி திரவத்துக்குள் நடப்பதைக் காட்டியது. கே.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து செய்த இந்த ஆய்வின் முடிவு 1928 பிப்ரவரி 28-ல் உறுதியானது. அதுதான் ராமன் விளைவு. 1930-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

எல்லாருக்கும் கதவு திறந்ததா?

இதையும் சொல்லணும். 1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரான ராமன், கமலா சோஹோனி என்ற மாணவியைச் சேர்க்க மறுத்தார். காரணம், அவர் பெண். கமலா விடாமல் போராடியதால், நிபந்தனையோடு இடம் கொடுத்தார். அவரது வேலையைப் பார்த்த பிறகு ராமனின் நிலை மாறியது. 1940-ல் அன்னா மாணி ராமனின் ஆய்வகத்திலேயே சேர்ந்தார். பின்னாளில் நாட்டின் வானிலைக் கருவிகளை உருவாக்கியதில் முக்கியப் பங்கு அவருக்கு உண்டு. அடுத்தவர் விளக்கத்தைக் கேள்வி கேட்ட ராமனையே கேள்வி கேட்க ஒரு மாணவி தேவைப்பட்டார்.

80 வயதில் குழந்தைகளிடம்

1968 டிசம்பர் 22. அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய் முயற்சியில் உருவான சமூக அறிவியல் மையத்துக்கு அடிக்கல் நாட்டு விழா. ராமனுக்கு வயசு 80. அவர் பேச எடுத்துக்கொண்ட தலைப்பு, வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதுதான்.

பதில் ரொம்ப எளிது. சூரிய ஒளியில் எல்லா நிறமும் உண்டு. காற்றின் மூலக்கூறுகள் அதில் நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கின்றன. அதனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் நீலம். நிலா வெளிச்சத்திலும் இதேதான் நடக்குது. ஆனா முழு நிலவின் ஒளி சூரியனைவிட சுமார் 4 லட்சம் மடங்கு குறைவு. அந்த மங்கலில் நம்ம கண்ணுக்கு நிறம் பிடிபடாது.

ஆண்டுதோறும் அக்டோபர் 2-ல் பெங்களூருவில் காந்தி நினைவுச் சொற்பொழிவும் நடத்திவந்தார். 1970-லும் பேசினார். அதே ஆண்டு நவம்பர் 21-ல் காலமானார்.

நாம் என்ன பார்க்கலாம்?

திருச்சியில் புதுக்கோட்டை சாலையில், விமான நிலையம் அருகே அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் இருக்கு. அங்கே போக முடியலைன்னா மொட்டை மாடி போதும். பிப்ரவரி கடைசியில் இரவு 7 மணிக்கு அண்ணாந்து பார்த்தால், கிட்டத்தட்ட தலைக்கு மேல் சிவப்பாக மின்னுவது திருவாதிரை. 9 மணிக்கு மேல் வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம் ஏறி வரும், ராமனின் தாத்தா பேரைச் சுமந்துகொண்டு. பக்கத்தில் இருக்கும் குழந்தை அது ஏன் இது ஏன் என்று கேட்டால், அதட்டி உட்கார வைக்காதீங்க. சேர்ந்து பதில் தேடுங்க.