பெயரைக் கேட்க மறந்த கேமரா... டோரத்தியா லாங்கின் கதை!

1936 மார்ச். கலிஃபோர்னியாவில் விடாத மழை. ஒரு மாச வேலையை முடிச்சுட்டு, தனியா கார் ஓட்டிக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கிட்டிருந்தார் 40 வயது டோரத்தியா லாங். வழியில் பட்டாணி பறிக்கிறவங்க முகாம்னு ஒரு போர்டு. பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்துட்டார். ஆனா, மனசு கேட்கலை. 20 மைல் போன பிறகு வண்டியைத் திருப்பினார்.

நிபோமோங்கிற ஊர் அது. பனியில் பட்டாணி விளைச்சல் மொத்தமும் போச்சு. நம்பி வந்த கூலிகளுக்கு வேலை இல்லை. ஒரு கிழிஞ்ச கூடாரத்துல பசியோட குழந்தைகள், நடுவுல 32 வயசு அம்மா. சுமார் 10 நிமிஷம்தான். சில படங்கள் எடுத்தார், வயசைக் கேட்டார், கிளம்பிட்டார். பெயரைக் கேட்கவே இல்லை.

அந்தப் படங்கள்ல ஒண்ணுதான், உலகமே அறிந்த 'மைக்ரன்ட் மதர்'. கன்னத்தில் கை வெச்சு எங்கேயோ பார்க்கிற அம்மா, முகத்தைத் திருப்பிக்கிட்ட ரெண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. நீங்களும் எங்கேயாவது ஸ்க்ரோல் பண்ணும்போது பார்த்திருப்பீங்க.

லாங் பிறந்தது 1895-ல், நியூ ஜெர்சியில். ஏழு வயசுல போலியோ. வலது கால் கடைசிவரை சரியாகலை. 12 வயசுல அப்பா குடும்பத்தை விட்டுட்டுப் போயிட்டார். அப்பா பெயரைத் தூக்கிப் போட்டுட்டு அம்மாவோட குடும்பப் பெயரை வெச்சுக்கிட்டார். 1918-ல் தோழியோட ஊர் சுத்தக் கிளம்பினவங்களை சான் ஃபிரான்சிஸ்கோவுல ஒரு பிக்பாக்கெட் தடுத்து நிறுத்திட்டான். காசு இல்லாம அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, மறுவருஷமே ஸ்டூடியோ தொடங்கினார். பணக்காரங்க வரிசையா வந்தாங்க.

அப்புறம் பெரும் பொருளாதார வீழ்ச்சி. ஸ்டூடியோ ஜன்னலுக்குக் கீழே வேலையில்லாதவங்க அலையுறதைப் பார்த்தவருக்கு உள்ளே இருப்பு கொள்ளலை. 1933-ல் இலவச உணவுக்கான வரிசையைப் படமெடுக்க இறங்கினவர்தான். அரசாங்கமே அழைச்சு கிராமங்களுக்கு அனுப்பிச்சது.

என்னைக் கேட்டா, லாங்கோட துணிச்சலான வேலை நிபோமோ இல்லை; 1942-ல் செஞ்சதுதான். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் 1 லட்சத்துக்கும் அதிகமானவங்களை அரசு முகாம்கள்ல அடைச்சுது. அதைப் பதிவு பண்ண லாங்கையே நியமிச்சாங்க. அவர் எடுத்துட்டு வந்ததோ... கோட்டில் அடையாளச் சீட்டு தொங்க நிக்கிற தாத்தாக்களும், குழந்தைகளும்! ராணுவம் படங்களை முடக்கிடுச்சு. ஆவணக் காப்பகத்துல கிடந்தவை, புத்தகமா வந்தது 2006-ல்தான்.

1950-கள்ல, அணைக்காக மூழ்கப்போற பெர்ரியெசா பள்ளத்தாக்கு, அதன் வீடுகள், மரங்கள், மக்கள்னு பிர்க்கில் ஜோன்ஸோட சேர்ந்து பதிவு செஞ்சார். 1965-ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோச்சு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தன் கண்காட்சிக்கான படங்களைத் தானே தேர்ந்தெடுத்தார். திறப்பு விழாவைப் பார்க்கத்தான் இல்லை.

சரி, அந்த அம்மா?

நிபோமோ படங்கள் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு போச்சு. ஆனா, அதுக்குள்ள அந்தக் குடும்பம் வேற ஊருக்குப் போயிடுச்சு. 1978-ல்தான் அவர் யார்னு வெளியே தெரிஞ்சுது. ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன், செரோக்கி பூர்வகுடி வேர் கொண்டவர். படத்தை வெளியிட மாட்டேன்னு லாங் சொன்னதா அவர் குற்றம்சாட்டினார். கார் டயரை வித்துச் சாப்பிட்டாங்கன்னு லாங் எழுதின குறிப்பே தப்புன்னார் மகன். அந்தப் படத்தால அவருக்கு ஒரு பைசா வரலை. அரசு சொத்துங்கிறதால, லாங்குக்கும் ராயல்டி கிடையாது.

1983-ல் ஃபிளாரன்ஸ் படுத்த படுக்கையானப்போ, வைத்தியத்துக்குப் பிள்ளைகள் உதவி கேட்டாங்க. முகம் தெரியாத மனுஷங்ககிட்டேருந்து 30,000 டாலருக்கு மேல வந்து சேர்ந்தது. கூடவே, அந்தப் படம் தங்களை என்ன பண்ணுச்சுன்னு எழுதின கடிதங்களும். அதைப் படிச்ச பிறகுதான், அத்தனை வருஷமா வெறுத்த படத்தை அந்தப் பிள்ளைகள் வேற கண்ணோட பார்க்க ஆரம்பிச்சாங்க.